மலாயா பி.டபிள்யூ.டி.யில் பூட்டனைத் தேடி: எட்டு வருட அனுபவம்

எங்கள் வீட்டில் பூட்டனை "மலாயா இஞ்சினியர்" என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு, தோட்டக் காணி, வயதான காலத்தில் மாதாமாதம் வந்த பென்ஷன் எல்லாம் பிரிட்டிஷ் கால மலாயாவின் பொதுப்பணித் துறையில் (பி.டபிள்யூ.டி.) அவர் பார்த்த அந்த உத்தியோகத்தின் புண்ணியம். ஆனால் எந்த ஊரில் என்ன கட்டினார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எட்டு வருடத்துக்கு முன் லண்டனில் இருந்தபடி தேடத் தொடங்கினேன். எது கைகொடுத்தது, எதில் காசு போனது என்று இப்போது சொல்ல முடியும்.

முதல் வருடம் முழுக்க வீண். இஞ்சினியர் என்ற சொல்லை நம்பி, பிரிட்டிஷ் பொறியாளர்களின் இரங்கல் குறிப்புகள் உள்ள கிரேசஸ் கைடு போன்ற தளங்களில் தேடினேன். அவை நல்ல தளங்கள்தான். சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனரைப் பற்றித் தெரிய வேண்டுமா, ஒரு மாலை போதும். இலங்கை பொதுப்பணித் துறையிலிருந்து 1891இல் மலாயாவின் சிலாங்கூர் மாநிலத்துக்குப் போய் அரசுப் பொறியாளர் ஆனவர், 1901இல் மலாய் மாநில ரயில்வேயின் பொது மேலாளர். இலங்கையில் பழகிய ஆட்களை அங்கே அழைத்துக்கொண்டவரும் அவர்தான். அப்படி வந்த யாழ்ப்பாணத்தவர்கள் அந்த இரங்கல் குறிப்புகளில் இல்லை. பொறியாளர் நாற்காலி பெரும்பாலும் ஐரோப்பியருக்கு. நம்மவர்கள் ஓவர்சியர், சர்வேயர், டிராஃப்ட்ஸ்மன், கிளார்க். பூட்டனும் ஓவர்சியர்தான். அதைச் சொன்னபோது அம்மாவின் முகம் கொஞ்சம் வாடியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி, கூலியாட்களை வைத்து ஒவ்வொரு மைலாக வீதியை நகர்த்தியது ஓவர்சியர்தானே.

அடுத்து ஒரு கட்டணத் தளம். பெயர் வேண்டாம். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், அதை நிரப்பாமல் நகராது. நமக்கு அப்பாவின் பெயர்தான் முதலெழுத்து, தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். இரண்டு வருடச் சந்தா கட்டியும் கிடைத்தது எவருடையதோ வம்சாவளி.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பழைய பத்திரிகைத் தளத்தை இன்றும் வாரம் ஒருமுறையாவது திறக்கிறேன். பழைய இதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் இருக்கிறது. இடமாற்றம், பிரிவுபசாரம், இலங்கைத் தமிழர் சங்கக் கூட்டம் என்று சின்னச் சின்னச் செய்திகளில்தான் நம்மவர்கள் வருவார்கள். ஆனால் எழுத்துக்கூட்டல் பெரிய தலைவலி. கந்தையா என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் 'கே' போட்டும் 'சி' போட்டும், நடுவில் 'எச்' வைத்தும் வைக்காமலும் எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரும் அப்படியே. 1885இல் தைப்பிங்கிலிருந்து மலாயாவின் முதல் ரயில் பாதை போன போர்ட் வெல்ட் இன்று குவாலா செபெத்தாங். போர்ட் சுவெட்டன்ஹாம் போர்ட் கிளாங் ஆகிவிட்டது, தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆகிவிட்டது. பழைய பெயரைப் போட்டால்தான் பழைய செய்தி வரும்.

எனக்கு உண்மையாகக் கதவு திறந்தது கோலாலம்பூரில், மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில். அங்குள்ள, பிரிட்டிஷ் காலத்துச் சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகளைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரித் தலைப்பு, அது இணையப் பட்டியலிலும் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடியபோது ஒன்றும் வரவில்லை. 'ஓவர்சியர்', 'லீவு', 'உலு லங்காட்' (சிலாங்கூரில் ஒரு மாவட்டம்) என்று ஆங்கிலத்தில் போட்டபோது வந்தது. நான்கே தாள். பூட்டன் தன் கையாலே எழுதிய லீவு விண்ணப்பம். தாய்க்குச் சுகமில்லை, ஊருக்குப் போக மூன்று மாதம் வேண்டும். கையெழுத்தின் முதல் எழுத்தில் மை திரண்டு நின்றது. அடுத்த தாளில் மாவட்டப் பொறியாளரின் குறிப்பு: 14ஆம் மைல் பாலம் முடிந்த பிறகு போகலாம்.

அப்பாடா, ஒரு பாலம். அன்றிலிருந்து ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு மைலைத் தேடினேன். பாலம், மைல் எண், வெள்ளம் என்று போட்டால் பத்திரிகையும் கோப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன. அந்தத் தாயை அவர் உயிரோடு பார்த்தாரா என்பது மட்டும் எந்தக் கோப்பிலும் இல்லை.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் நாலைந்து தடவை போனேன். சி.ஓ. 273 என்ற வரிசையில் நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலிய பிரிட்டிஷ் பகுதிகள்) கடிதப் போக்குவரத்து இருக்கிறது. வாசகர் அட்டை இலவசம், சொந்தக் கேமராவில் படம் எடுக்கலாம். கொள்கை விஷயங்களுக்கு நல்லது, ஓவர்சியரைத் தேட அது இடமல்ல. உங்கள் முன்னோர் இந்தியப் பொதுப்பணித் துறையில் இருந்தவர் என்றால் பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய ஃபிபிஸ் தளத்தைப் பாருங்கள், எனக்கு அதில் வேலை வரவில்லை.

அப்புறம், வீட்டிலேயே இருந்த ஒன்றை நான் கடைசியாகத்தான் பார்த்தேன்: கல்வெட்டு. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர். அதில், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா ஒன்று இருக்கும். பூட்டனுடையதில் பிரமாதி வருடம், மார்கழி, பூர்வபட்ச (வளர்பிறை) ஏகாதசி என்று இருந்தது. பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் 1939 டிசம்பர். எந்த அலுவலகமும் தராத தேதியை ஒரு வெண்பா தந்தது. 'நூலகம்' என்ற இலங்கைத் தமிழ் எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்திலும் இத்தகைய நினைவு மலர்கள் நிறைய உள்ளன, உறவினர் பெயர்களையும் போட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு மலாயாப் பென்ஷனியரின் கல்வெட்டு இருந்தால் இன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பெரியம்மாவிடம் இருந்த பிரதியில் கடைசி இரண்டு பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. வம்சாவளி இருந்த பக்கங்கள் அவைதான்.