ஹோப்வெல்ல ஜான் ஹார்ட் டூர், கண்டிப்பா போங்க
நியூ ஜெர்சி பக்கம் இருக்கறவங்க ஹோப்வெல் ஊர்ல இந்த வாக்கிங் டூர் போயிட்டு வாங்க, ஜான் ஹார்ட் கதைய அவ்ளோ நல்லா சொல்றாங்க. மனுஷன் பெருசா படிக்காத விவசாயி, ஊர் நம்பி ஓட்டு போட்டு அனுப்பி 1776ல மாநில சட்டசபைக்கே சபாநாயகர் ஆயிட்டாரு, அதே வருஷம் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துலயும் கையெழுத்து போட்டிருக்காரு. அக்டோபர்ல மனைவி இறந்துட்டாங்க, டிசம்பர்ல பிரிட்டிஷ் படை வந்ததும் பக்கத்துல இருக்கற சவர்லேண்ட் மலைல ஒளிஞ்சு திரிஞ்சிருக்காரு, அறுபது தாண்டின வயசுல! கேக்கறப்ப மனசு கனத்துடுச்சு. அவர் அடிமைகள் வெச்சிருந்ததையும் மறைக்காம சொன்னது ரொம்ப பிடிச்சுது. 1778ல ஜார்ஜ் வாஷிங்டனோட அமெரிக்கப் படை அவர் நிலத்துல தங்கின கதைய மட்டும் அவசரமா முடிச்சிட்டாங்க. கல்லறை, சர்ச்சுக்கு அவரே குடுத்த எடத்துலதான் இருக்கு. நடக்கணும், நல்ல ஷூ போட்டுக்கங்க.