கோப் முறை, நீண்ட பயன்பாட்டுக்குப் பிறகு: தோப்புக்கரணம் போடும் காவலன்

வீடியோ விளையாட்டு எதிரிகளின் நடத்தையைக் கிளை கிளையாக முன்பே எழுதிவைக்கும் பிஹேவியர் ட்ரீயை விட்டுவிட்டு, இலக்கைக் கொடுத்தால் அதற்கான செயல்களை எதிரியே கோத்துத் திட்டமிடும் கோப் (GOAP) முறைக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு காவலனைத்தான் காட்ட வேண்டும். தரையில் மருந்துப் பெட்டி. எடுக்கக் குனிகிறான், பாதியில் நிமிர்ந்து துப்பாக்கியை நீட்டுகிறான், மறுபடி குனிகிறான். சுட்டுத் தள்ளும்வரை இதே தோப்புக்கரணம்தான்.

ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு மதிப்பெண், அதிகம் வாங்குவதே ஜெயிக்கும். தாக்குதல் இலக்குக்கு 0.62, மருந்துக்கு 0.60 என்று வையுங்கள். ஆட்டக்காரர் ஓரடி பின்வாங்கினால் தாக்குதல் 0.59 ஆகிவிடும். ஃபிரேமுக்கு ஃபிரேம் மதிப்பெண் போட்டால் இந்தக் கூத்து நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும் இலக்குக்கு 0.15 போனஸ் கொடுங்கள். மறுமதிப்பீட்டை அரை விநாடிக்கு ஒருமுறை வையுங்கள். காலடியில் குண்டு விழுந்தால் மட்டும் உடனே குறுக்கிட விடுங்கள். குனிந்து நிமிர்வது நிற்கும். நின்றதும் அடுத்த வினை: பெட்டியை வேறொருவன் எடுத்துப் போன பிறகும், போனஸ் பிடித்துத் தள்ள, இவன் வெறுந்தரையை நோக்கி நடப்பான். ஒவ்வொரு செயலைத் தொடங்கும்முன்னும் முன்நிபந்தனையைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

ஒரு இலக்கின் காரணிகளைப் பெருக்கி அதன் மதிப்பெண்ணை எடுப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி. ஐந்து காரணியும் 0.9 என்றால் பெருக்கம் 0.59. இன்னொரு இலக்குக்கு இரண்டே காரணி, இரண்டும் 0.8 என்றாலும் 0.64 வாங்கி ஜெயித்துவிடும். பெருக்குச் சராசரி (n காரணி என்றால் பெருக்கத்தின் n-ஆம் மூலம்) எடுத்தால் தீரும்.

இத்தனை எரிச்சலுக்கு நடுவே ஒரு சுகமும் உண்டு. 'மேசையைக் கவிழ்' என்று ஒரே ஒரு செயல், விளைவு 'மறைவு கிடைக்கும்'. சேர்த்த அன்றே, மறைவு தேடும் எல்லா எதிரிகளும் யாரும் சொல்லாமலே மேசையைக் கவிழ்க்கிறார்கள். (செலவு குறைந்த வழியையே எதிரி எடுப்பான்; இந்தச் செயலின் செலவை 1 என்று போட்டால் பக்கத்தில் சுவர் இருந்தாலும் மேசைதான். 4 போடுங்கள்.) 2005-இல் வந்த ஃபியர் (F.E.A.R.) விளையாட்டின் எதிரிகளுக்கு அறிவூட்டிய ஜெஃப் ஆர்கின் காட்டியதும் இதுதான்: எதிரி எந்த நிலையில் இருக்கிறான் என்று சொல்லும் நிலை இயந்திரத்தில் மூன்றே நிலை, மற்றதை ஏ-ஸ்டார் (A*) என்ற, செலவு குறைந்த வழியைக் கண்டுபிடிக்கும் தேடல் கோத்துக்கொள்ளும். கதவை ஆட்டக்காரர் அடைத்துப் பிடித்தால் சிப்பாய் உதைத்துப் பார்ப்பான், முடியாவிட்டால் ஜன்னல் வழியே பாய்வான்.

கோப் முறைக்கு என் மதிப்பீடு ஐந்துக்கு இரண்டு. ஆறேழு செயல் மட்டுமே உள்ள விளையாட்டுக்கு வேண்டவே வேண்டாம். இருப்பதைக் கழற்றச் சொன்னால் மாட்டேன், அது வேறு விஷயம். மாறியே தீருவேன் என்பவர்கள் முதல் வேலையாக ஒவ்வொரு என்பிசியும் (கணினி ஆட்டுவிக்கும் பாத்திரம்) கடைசியாக மாற்றிய 20 இலக்குகளையும் அப்போதைய மதிப்பெண்களையும் பதிவு செய்து வையுங்கள். அது இல்லாவிட்டால் அவன் ஏன் குனிந்தான் என்பதற்குக் கடைசிவரை பதில் கிடைக்காது.