ஓய்வுக்கு எது நல்லது: அவரை அனுப்புவதா, ஆளை வரவழைப்பதா?

மனநோயுள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவருக்கு மாதத்தில் இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். அந்த இரண்டு நாளும் நோயாளியை யார், எங்கே பார்ப்பது என்பதில்தான் திருகோணமலைக் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

ஆஸ்பத்திரி வாட் இதற்குரிய இடமல்ல. நோய் முற்றும்போது சிகிச்சைக்குத்தான் அந்தக் கட்டில். கொழும்புக்கருகே அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனம் 250 கிலோமீற்றருக்கும் மேல், போய்வருவதிலேயே களைத்துவிடுவோம். பகலில் மட்டும் போய்வரும் நிலையம் அமைந்தால் நல்லது, ஆனால் நித்திரை கெடும் இரவுகளுக்கு அது உதவாது. மிஞ்சுவது இரண்டு வழி: அவரை மூதூரிலுள்ள தங்கை வீட்டுக்கு அனுப்பலாம், அல்லது தங்கையை இங்கே வரவழைத்துவிட்டு நாம் வெளிக்கிடலாம். நாங்கள் தெரிந்தெடுத்தது இரண்டாவதை. காரணம் மருந்து.

மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் குளோசபின் குளிசையை எடுப்பவர் 48 மணித்தியாலத்துக்கு மேல் தவறவிட்டால் பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. இரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம், வலிப்பும் வரலாம். வைத்தியரிடம் போய் 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டிவரும். வியாழன் இரவு கடைசிக் குளிசை, வெள்ளி காலை மருந்துப் பையை மறந்து பஸ் ஏறியாயிற்று என்றால் சனி இரவோடு அந்த எல்லை முடிந்துவிடுகிறது.

புகைப்பவர் என்றால் இன்னொரு சிக்கல். புகையிலைப் புகை ஈரலைத் தூண்டி குளோசபினை வேகமாகக் கழிக்கிறது. புகைக்க விடாத வீட்டில் ஒரு கிழமை இருந்தால், குளிசையின் அளவு மாறாமலேயே இரத்தத்தில் மருந்து கூடும். தூக்கக் கலக்கமும் எச்சில் வடிதலும் அதிகரிக்கும். உறவினர் அதைச் சோம்பல் என்று நினைப்பார்கள்.

மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கான லித்தியம் எடுப்பவருக்கு, கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். வியர்த்துத் தண்ணீர் குறைந்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ மருந்து நஞ்சாகலாம். இடுப்பு நோகிறது என்றால் டைக்குளோபெனக், இபுபுரோபென் கொடுக்கவே கூடாது, பரசிற்றமோல் போதும். கை பலமாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சொந்த வீட்டில் குளிசைப் பெட்டி, சாப்பாட்டு நேரம், படுக்கும் பாய் எல்லாம் அப்படியே இருக்கும். மாறுவது ஆள் மட்டும். அந்த ஆளையும் திடீரென்று மாற்றக் கூடாது. முதல் மாதம் இரண்டு மூன்று தரம், இரவுக் குளிசை நேரத்தில் நாங்களும் கூட இருக்க அவர் வந்து கொடுத்துப் பழக வேண்டும். நோயாளியிடம் திகதியை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் கேட்டு, கலண்டரில் அவர் கையாலேயே குறிக்கவைப்பது நல்லது. குளிசைக்குப் பதிலாக மாதம் ஒருமுறை மனநோய் மருந்தை ஊசியாகப் போடுபவருக்கு ஊசி போட்ட அடுத்த கிழமை தோதானது. அடுத்த ஊசித் தவணை நெருங்கும் நாட்கள் வேண்டாம். இரண்டு நாள் மருந்தை வேளைவாரியாக உறையிலிட்டுக் கொடுத்துவிட்டு மீதியைப் பூட்டிவைக்க வேண்டும். கிளினிக் கொப்பி மேசையில் இருக்கட்டும். அதன் அட்டையில் இரண்டு இலக்கங்கள்: மனநல உதவிக்கு 1926, அம்புலன்ஸுக்கு 1990.

அனுப்புவதே சரியாகும் வீடுகளும் உண்டு. வீட்டில் ஓயாத குத்தல் பேச்சு, அல்லது அவரே இடம் மாறக் கேட்கிறார் என்றால் போகட்டும். மருந்து அவர் பையில் அல்ல, கூட்டிப்போகிறவர் கையில் போக வேண்டும். கூலிக்கு ஆள் வைப்பதில் எங்களுக்கு அனுபவம் குறைவு. வைப்பதானாலும் முதல் இரவே தனியே விடாமல், பகல் நாலு மணித்தியாலத்தில் தொடங்குங்கள்.