போர்க்காலக் கதைகள் கொண்ட சிறுவர் வாசிப்புப் பெட்டி: வாங்கலாமா?

கிருஷ்ணகிரி பேருந்து நிலையப் பக்கத்துப் புத்தகக் கடையில் 350 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே இரண்டு கதைநூல்கள், ஒரு வரைபடம், 12 கேள்வி அட்டைகள். ஆறாம் வகுப்புக்குக் கீழே என்றால் பெரியவர் கூட உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

முதலில் டென்மார்க் கதையைக் கொடுங்கள். 1943 செப்டம்பர் கடைசி, நாடு ஹிட்லரின் ஜெர்மனி பிடியில் இருக்கிறது. யூதர்களைப் பிடிக்கப் போகும் செய்தி ஜெர்மன் தூதரக அதிகாரி டுக்விட்ஸ் வழியாகவே கசிகிறது. அக்கம்பக்கத்தார் ஒளித்து வைக்க, ஏறத்தாழ 7,200 யூதர்கள் மீன்பிடிப் படகுகளில் சுவீடன் போய்ச் சேர்கிறார்கள். படகுக்காரர்கள் பலர் பெருந்தொகை வாங்கியதையும் மறைக்காமல் எழுதியிருப்பதுதான் இந்நூலின் பலம். 'காசு வாங்குனா அது எப்படி உதவியாகும்?' என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். மாட்டினால் படகு போகும், பிழைப்பு போகும், சிறையும் உண்டு. அதை அவர்களே எடைபோட்டுப் பார்க்கட்டும். ஒரு பாடவேளை முழுக்க இதற்கே போனாலும் தகும். தப்பமுடியாமல் பிடிபட்டவர்கள் ஏறத்தாழ 470 பேர். கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் வரும் அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது நூல் நம்மூர்க் கதை, கிருஷ்ணகிரிக் கோட்டைச் சண்டை. 1791 நவம்பரில் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அடிவாரத்துப் பேட்டையைப் பிடித்துவிட்டு மலைக்கோட்டைக்கு ஏணி சாத்துகிறது. மேலிருந்து திப்புவின் வீரர்கள் உருட்டிவிட்ட பாறைகளில் ஏணிகள் நொறுங்க, படை பின்வாங்குகிறது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் எதிரில் நின்றவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் என்பதுபோல் எழுதியது பெரிய குறை. கம்பெனிப் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்தான். அதைச் சொல்லாவிட்டால் எதிர்ப்பு என்பதே பிள்ளைகளுக்கு நிறச்சண்டையாகப் பதிந்துவிடும்.

கதை வெற்றியோடு முடிந்துவிடுகிறது. பிறகு கோட்டை எப்படிக் கைமாறியது? 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி கம்பெனிக்குப் போனது. நூலில் இது இல்லை, நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

எது உண்மை, எது கற்பனை என்ற பின்குறிப்பு முதல் நூலில் மட்டும் இருக்கிறது. இரண்டாவதற்கு இரண்டு நிறப் பென்சில் போதும். மேக்ஸ்வெல், ஏணி, பாறை, ஆண்டு இவற்றின் கீழ் நீலக்கோடு. தண்ணீர் சுமக்கும் சிறுவன், அவன் அம்மா, பேச்சுகள் எல்லாம் சிவப்பு. வாசித்து முடித்த பிறகு செய்யுங்கள், நடுவில் நிறுத்தினால் கதையின் ஓட்டம் கெட்டுவிடும்.

கோட்டைக்குக் கூட்டிப்போவதானால் வாசிப்புக்குப் பிறகு, காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும், ஆளுக்கொரு லிட்டர் தண்ணீர் அவசியம். ஏறும் முன் பழையபேட்டையில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏணி ஏன் தோற்றது என்பதற்கு விளக்கமே வேண்டியிருக்காது.

வரைபடத் தாள் மெல்லியது, மடிப்பில் கிழிகிறது. பிரித்ததும் பின்பக்கம் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். கேள்வி அட்டைகளில் பாதி வெறும் பெயர், ஆண்டு மனப்பாடம். அவற்றை ஒதுக்கிவிட்டு, 'நீ அங்கே இருந்திருந்தால் யாரிடம் சொல்லியிருப்பாய்?' போன்றவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நூல்களைத் தனித்தனியாகத் தந்தால் டென்மார்க் கதையை யோசிக்காமல் வாங்கலாம்.