‘ஆறே மாதத்தில் பி2’: ஆன்லைன் ஜெர்மன் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போகலாம் என்று ஆன்லைனில் ஜெர்மன் படிக்கச் சேர்ந்த பிள்ளைகள் பலர் ஒரே மாதிரியாக ஏமாந்து நிற்கிறார்கள். ஜெர்மன் கற்றுக்கொடுப்பவர்கள் நாங்கள். (மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளப்பார்கள்; ஏ1 அடிப்படி, பி2 நான்காம் படி.) இது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் சுதாரித்துக்கொள்ளலாம் என்று எழுதுகிறோம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை; இன்று ஒரு பெயரில் இருக்கும் பக்கம் அடுத்த மாதம் வேறு பெயரில் வரும்.

இன்ஸ்டாகிராம் ரீலில் ஆரம்பிக்கும்: “ஆறே மாதத்தில் பி2, வேலை உத்தரவாதம், இப்போது பணம் வேண்டாம்.” நம்பர் கொடுத்ததும் வாட்ஸ்அப் குரூப். பிறகு ஜூமில் இலவச டெமோ. டெமோ எடுப்பவர் உண்மையிலேயே நன்றாக எடுப்பார். சேர்ந்த பிறகு அவரைப் பார்க்க முடியாது. சில வாரம் நேரலை வகுப்பு நடக்கும், அப்புறம் பதிவு செய்த வீடியோவும் டெலிகிராமில் பி.டி.எஃப்-உம்தான். கேள்வி கேட்கிறவர்கள் கூடியதும், அட்மின் மட்டும் எழுதலாம் என்று குரூப்பைப் பூட்டிவிடுவார்கள்.

சேரும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். அங்கே நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள். அடியிலிருந்து தொடங்கி பி2 வரை வர 600 முதல் 800 பாடவேளை ஆகும் என்பது, ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே இன்ஸ்டிடியூட் சொல்லும் அளவு. ஒரு பாடவேளை 45 நிமிடம். தினம் ஒன்றரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் வகுப்பு என்றால் வாரத்துக்கு 10 பாடவேளை. ஆறு மாதத்தில் 260 வரும். அது ஏ2 அளவு. 600 முடிக்க 60 வாரம் வேண்டும். ஆறே மாதத்தில் முடிக்க வேண்டுமானால் வாரம் 17 மணி நேரத்துக்கு மேல் நேரலையில் உட்கார வேண்டும். நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே அதைச் செய்ய முடியுமா? ஆகவே “எத்தனை மாதம்” என்று கேட்காதீர்கள். “நேரலையில் மொத்தம் எத்தனை பாடவேளை, ஒரு வகுப்பில் எத்தனை பேர்” என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

வீடியோ பார்த்து ஏ1 வரை ஓரளவு சமாளிக்கலாம். பி1-இல் மாட்டிக்கொள்வார்கள். கோத்தே பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி; ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வாங்க வேண்டும். எழுதுவதற்கு 60 நிமிடத்தில் மூன்று பணி. பேசுவது பெரும்பாலும் இருவர் சேர்ந்து: ஒரு விஷயத்தைப் பேசித் திட்டமிட வேண்டும், தனியாக ஒரு தலைப்பில் பேச வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 60 பேர் இருக்கும் ஜூம் வகுப்பில் 90 நிமிடத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். வாயே திறக்காமல் ஒன்பது மாதம் உட்கார்ந்த பிள்ளை தேர்வறையில் திணறாமல் என்ன செய்யும்?

ஆன்லைன் வகுப்பைக் குறை சொல்லவில்லை. ஒழுங்காக நடத்தினால் ஊரில் இருந்தபடியே நன்றாகப் படிக்கலாம். 10, 12 பேர் வகுப்பு; இரண்டிரண்டு பேராகப் பிரேக்-அவுட் அறையில் (ஜூமுக்குள்ளேயே பிரித்துவிடும் தனி அறை) பேசவிட்டு ஆசிரியர் ஒவ்வொன்றாக நுழைந்து கேட்பது; கூகுள் டாக்கில் எழுதியதை வரிக்கு வரி திருத்துவது; வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுக்கு மறுநாளே உச்சரிப்புத் திருத்தம். ‘எனக்கு உடம்பு சரியில்லாததால்’ என்பதை “வைல் இஹ் பின் க்ராங்க்” என்று எழுதும் பிள்ளையிடம், தமிழைப் போலவே இங்கே வினை கடைசிக்குப் போகும், “வைல் இஹ் க்ராங்க் பின்” என்று அந்த வரியிலேயே குறித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். டெமோவின்போது, முன்பு ஒரு மாணவருக்குத் திருத்திக் கொடுத்த கட்டுரை ஒன்றை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர்களிடம் திருத்தும் வேலையே நடப்பதில்லை.

பெரிய அடி விழுவது ‘இப்போது பணம் வேண்டாம்’ என்பதில்தான். அது தவணைக் கட்டணம் இல்லை. உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கும் கடன். கவுன்சிலர் என்று ஒருவர் போனில் இருந்தபடியே பான், ஆதார் கேட்பார். “இது ரிஜிஸ்ட்ரேஷன் ஓ.டி.பி தான்” என்பார். நீங்கள் ஓ.டி.பி சொன்னதும் கடன் ஒப்பந்தமும், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் எடுக்கும் இ-மாண்டேட்டும் முடிந்துவிடும். முழுக் கட்டணமும் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். வகுப்பு நின்றாலும் இ.எம்.ஐ நிற்காது. கணக்கில் பணம் இல்லாமல் விட்டால் பவுன்ஸ் கட்டணம் ஏறும், சிபில் ஸ்கோரும் விழும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் கொடுப்பவர் முக்கிய விவரத் தாளை ஒப்பந்தத்துக்கு முன்பே தர வேண்டும். வட்டி, கட்டணம், கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். கடனை அபராதமில்லாமல் திருப்பிவிட ஒரு குறுகிய அவகாசமும் உண்டு. அது எத்தனை நாள் என்பதும் அந்தத் தாளில் இருக்கும். மாட்டிக்கொண்டது தெரிந்தால் அன்றைக்கே கடன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் செய்யலாம்.

வேலை உத்தரவாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்களே வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான்.

தேர்வு எழுதாமலே பி2 சான்றிதழ் தருகிறோம் என்று டெலிகிராமில் சுற்றுபவர்கள் பக்கமே போகாதீர்கள். போலி என்று தெரிந்தால் விசா போகும், வழக்கும் வரும். பயிற்சி நிறுவனம் தரும் ‘கோர்ஸ் கம்ப்ளீஷன்’ தாளும் விசாவுக்கு ஆகாது. கோத்தே, டெல்க், ஓ.எஸ்.டி போன்ற தேர்வுச் சான்றிதழ்தான் செல்லும். தேர்வு ஸ்லாட்டை உங்கள் சொந்த லாகினில் நீங்களே போடுங்கள்.

பக்கத்தைச் சோதிக்க இன்ஸ்டாகிராமில் மூன்று புள்ளியைத் தட்டி ‘இந்தக் கணக்கைப் பற்றி’ பகுதியைப் பாருங்கள். கணக்கு எப்போது தொடங்கியது, எத்தனை முறை பெயர் மாறியது என்பது தெரியும். யு.பி.ஐ-யில் பணம் போகும் பெயர் தனி ஆள் பெயராக இருந்தால் கட்டாதீர்கள்; ஜி.எஸ்.டி எண்ணோடு ரசீது கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், குரூப்பில் சண்டை போடும் முன் ஆதாரத்தை எடுத்து வையுங்கள். அட்மின் நினைத்தால் செய்திகளை எல்லோருக்கும் அழித்துவிட முடியும். வாட்ஸ்அப்பில் சாட்டை எக்ஸ்போர்ட் செய்யுங்கள், டெலிகிராமில் கணினிச் செயலி வழியாக எடுங்கள், ரீலை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்யுங்கள். நேரடி மோசடி என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930, சேவைக் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அவர்கள் அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும், திருநெல்வேலியில் இருப்பவர் திருநெல்வேலியிலேயே போடலாம்.