டிப்ரஷன் கிளாஸா, எலிகன்ட் கிளாஸா? பழைய அமெரிக்க வண்ணக் கண்ணாடிப் பாத்திரங்கள்

பழைய அமெரிக்க வண்ணக் கண்ணாடியில் பரிமாறும் பாத்திரங்களைச் சேர்க்க நினைப்பவருக்கு முக்கியமாக மூன்று வகைகள் உண்டு: டிப்ரஷன், எலிகன்ட், கார்னிவல்.

கார்னிவலைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஃபென்டன் நிறுவனம் 1907-ல் கொண்டுவந்தது. சூடான கண்ணாடி மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்து வானவில் மினுமினுப்பை வரவழைப்பார்கள். அழகோ அழகு. ஆனால் உணவை வைத்ததும் அந்த மினுமினுப்பு மறைந்துவிடும். கண்ணாடி அலமாரிக்கு அது போதும், சாப்பாட்டு மேசைக்கு எனக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். 1929-ல் பங்குச்சந்தை சரிந்து நாடே ‘டிப்ரஷன்’ எனும் பொருளாதார மந்தத்தில் திணறிய காலத்தில் ஹாக்கிங், ஜெனட், ஃபெடரல், ஹேசல்-அட்லஸ் போன்ற ஆலைகள் இயந்திர அச்சில் மலிவாக வார்த்துத் தள்ளியவை டிப்ரஷன் பாத்திரங்கள். இளஞ்சிவப்பு, பச்சை, தேன் நிறம் ஆகியவை அதிகம். குவேக்கர் ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாக வரும், சினிமா கொட்டகையில் டிக்கெட்டோடு கொடுப்பார்கள். அச்சின் தையல்கோடும் உள்ளே சிக்கிய காற்றுக் குமிழியும் சாதாரணம். எலிகன்ட் இதற்கு நேர்மாறு. கேம்பிரிட்ஜ், ஹெய்சி, ஃபொஸ்டோரியா ஆலைகளில் அச்சிலிருந்து எடுத்த பிறகும் கைவேலை தொடரும்: நெருப்பில் காட்டித் தையல்கோட்டை மழுக்குவார்கள், பல பாத்திரங்களின் அடியைத் தேய்த்துச் சமமாக்குவார்கள், அமிலத்தால் பூவேலை செய்வார்கள். விற்றது பெரிய கடைகளிலும் நகைக்கடைகளிலும்.

வேலைப்பாட்டில் எலிகன்ட் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. விலையில் டிப்ரஷன்தான் மலிவு என்று நினைப்போம். தட்டு, கோப்பை வரை அது சரி. பரிமாறும் பாத்திரம் என்று வந்தால் கணக்கு மாறும். ஒரு வீட்டில் எட்டுத் தட்டு இருந்தால் பெரிய கிண்ணம் ஒன்றுதான் இருந்திருக்கும், அதுவும் தினமும் கைபட்டு உடைந்திருக்கும். அதனால் மூடியோடு முழுசாகக் கிடைக்கும் டிப்ரஷன் வெண்ணெய்ப் பாத்திரத்தின் விலையில் நல்ல எலிகன்ட் கிண்ணமே வாங்கிவிடலாம்.

அடுத்தது போலி. டிப்ரஷனில் இது பெரிய தலைவலி. ஜெனட்டின் செர்ரி பிளாசம் வடிவத்துக்கு 1970-களிலேயே நகல்கள் வந்துவிட்டன. ஃபெடரலின் மாட்ரிட் வடிவத்தின் கதை இன்னும் சிக்கல்: 1976-ல் ஃபெடரலே அதைத் தேன் நிறத்தில் மறுபடி வார்த்து ‘76’ என்று பொறித்தது. பிறகு அந்த அச்சுகள் இண்டியானா கிளாஸ் நிறுவனத்திடம் போய், எண் நீக்கப்பட்டுப் புதிய வண்ணங்களிலும் வந்தன. புற ஊதா விளக்கைக் காட்டிப் பச்சையாக ஒளிர்ந்தால் பழையது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். ஒளிர்வது யுரேனியம் கலந்ததற்கு அடையாளம், வயதுக்கு அல்ல. எலிகன்டில் வைர வடிவத்துக்குள் ‘எச்’ இருந்தால் ஹெய்சி, முக்கோணத்துக்குள் ‘சி’ இருந்தால் கேம்பிரிட்ஜ் என்று ஒரு பிடிமானமாவது உண்டு. எல்லாப் பாத்திரத்திலும் அது இருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆக, விருந்துக்கு எடுத்து வைக்கும் பெரிய பாத்திரங்களை எலிகன்டிலேயே வாங்குங்கள். தட்டும் கோப்பையும் டிப்ரஷனில் ஒரே வடிவமாகச் சேருங்கள். பஞ்ச காலத்துச் சமையலறையில் இத்தனை வண்ணம் இருந்தது என்பதே அவற்றை விரும்பப் போதுமான காரணம் எனக்கு. இரண்டையுமே டிஷ்வாஷரில் போடாதீர்கள். அதில் அரித்து மங்கிப்போன கண்ணாடி மறுபடி தெளியாது.