ஊரகப் பகுதிக்கான சுற்றுலாத் திட்ட ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்பீடு

சில கிராமங்கள் சேர்ந்த எங்கள் பகுதிக்குப் பொருளாதார வளர்ச்சியையும் சுற்றுலாவையும் இணைத்து ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தயாரித்துத் தரும் பணியை ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். திட்டக் குழுவின் உறுப்பினராக, முதல் கூட்டம் தொடங்கி இறுதி அறிக்கை கைக்கு வந்தது வரை உடனிருந்தவன் என்ற முறையில், இத்தகைய சேவையை நாட எண்ணும் பிற பகுதியினருக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். கள ஆய்வில் இந்த நிறுவனம் காட்டிய அக்கறையை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் வருகிறவர்களின் எண்ணிக்கை கூடுவதையே வளர்ச்சி என்று அறிக்கை எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த வருகையால் கிடைக்கும் பணம் யார் கையில் போய்ச் சேரும் என்பதை அது போதிய அளவு ஆராயவில்லை.

நிறுவனத்தின் களக் குழுவினர் கூட்டம் மிகுந்த பருவத்தில் ஒரு முறையும், வெளியார் வருகையே இல்லாத பருவத்தில் ஒரு முறையும் வந்து தங்கினார்கள். அறை வாடகைக்கு விட முன்வந்திருந்த ஒரு வீட்டில் அவர்கள் பேசியபோது நானும் இருந்தேன். விருந்தினர் வந்தால் உங்களுக்கு மகிழ்ச்சிதானே என்பது போன்ற கேள்வி எதையும் ஆய்வாளர் கேட்கவில்லை. வறண்ட மாதங்களில் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கும், படுக்கை விரிப்புகளை யார் துவைப்பார்கள், இரவு வெகுநேரம் கழித்து வந்து சேருகிறவருக்கு யார் எழுந்து கதவைத் திறப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசிக் கேள்விக்கு அந்த வீட்டுப் பெண், "அறுவடை நாளில் யாராலும் முடியாது" என்று சொன்னதும், எழுதுவதை நிறுத்திவிட்டு, அறுவடை எந்த வாரம் தொடங்கும் என்று விசாரித்தார். வேளாண் பணிகளின் நாட்காட்டியையும் சுற்றுலாப் பருவத்தையும் அருகருகே வைத்து அறிக்கையில் இடம்பெற்றுள்ள அட்டவணை அந்த உரையாடலிலிருந்துதான் பிறந்தது. இரண்டுக்கும் ஆள் தேவைப்படும் வாரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதை அது தெளிவாகக் காட்டுகிறது. நிலத்தில் வேலை செய்யும் கைகள்தாம் விருந்தினரையும் கவனிக்க வேண்டும் என்னும் எளிய உண்மையை இத்தனை துல்லியமாக எழுதிய வேறொரு திட்ட அறிக்கையை நான் படித்ததில்லை.

வருவாயைப் பற்றிய அத்தியாயத்தில் அந்தத் துல்லியம் இல்லை. சுற்றுலாப் புள்ளிவிவரங்களுக்காக ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட 2008-ஆம் ஆண்டுப் பரிந்துரைகள், ஓரிரவாவது தங்குகிறவரைச் சுற்றுலாப் பயணி என்றும், தங்காமல் திரும்புகிறவரை ஒருநாள் வருகையாளர் என்றும் பிரிக்கின்றன. எங்கள் அறிக்கை இருவரையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்துவிட்டு, அதை ஒரே சராசரிச் செலவால் பெருக்கியிருக்கிறது. காலையில் பேருந்தில் வந்து, கையோடு கொண்டுவந்த உணவை உண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புகிறவர் பெரும்பாலும் வாகன நிறுத்தக் கட்டணத்தையும் குப்பையையும்தான் விட்டுச் செல்கிறார். தங்குகிறவரோ அறைக்கும் உணவுக்கும் வழிகாட்டிக்கும் தனித்தனியே பணம் தருகிறார். ஆனால் அந்தப் பணமும் முழுவதும் ஊரில் நிற்பதில்லை. முன்பதிவு இணையதளத்தின் தரகு, வெளியூரில் இருக்கும் விடுதி உரிமையாளரின் இலாபம், மொத்த வணிகரிடம் வாங்கிவரும் சரக்கின் விலை என்று அது பல வழிகளில் வெளியேறிவிடுகிறது. பொருளியலார் கசிவு என்று குறிப்பிடும் இதற்கு அறிக்கையில் ஒரே ஒரு பத்தி மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வருகையை இரட்டிப்பாக்குவதற்கோ ஒரு முழு அத்தியாயம். தங்கும் இரவுகளைச் சிறிது கூட்டி, சமையலறைக்கு வேண்டிய காய்கறியையும் பாலையும் பக்கத்து நிலங்களிலிருந்தே வாங்கச் செய்தால், வருகை கூடாமலேயே ஊரின் வருமானம் கூடும். இந்த வழியையும் கணக்கிட்டுக் காட்டியிருக்க வேண்டும் என்பதே என் முதன்மையான குறை.

ஓர் இடம் கெடாமல் எத்தனை பேரின் வருகையைத் தாங்கும் என்னும் தாங்குதிறன் கணக்கிலும் இதே சாய்வு தெரிகிறது. 1992-இல் சிஃபுவென்டெஸ் என்ற ஆய்வாளர் இதற்காக முன்வைத்த முறையை அவர்கள் பின்பற்றியிருக்கிறார்கள்; அது நல்ல தேர்வு. அதன் முதற்படியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2 கிலோமீட்டர் நடைபாதையில் 100 மீட்டருக்கு ஒரு குழு, குழுவுக்கு 10 பேர் என்று வைத்தால், ஒரே நேரத்தில் 200 பேர் நடக்கலாம். சுற்றிவர 2 மணி நேரம் ஆகும், பாதை 8 மணி நேரம் திறந்திருக்கும் என்றால் நாளொன்றுக்கு 800 பேர். இது வெறும் இடத்தின் அளவுதான். மழை, மண்ணரிப்பு, விலங்குகளின் இனப்பெருக்கக் காலம் ஆகியவற்றுக்காக ஒரு முறையும், கழிப்பறை, வழிகாட்டி, பராமரிப்புப் பணியாளர் ஆகியோரின் போதாமைக்காக மீண்டும் ஒரு முறையும் அதைக் குறைத்த பிறகே நடைமுறைக்கு உரிய எண் கிடைக்கும். எங்கள் அறிக்கை இரண்டாம் படியோடு நின்றுவிட்டது. கழிப்பறைகள் எத்தனை என்பது அதே அறிக்கையின் பின்னிணைப்பிலேயே இருக்கும்போது, அந்தக் கடைசிக் கழித்தலைச் செய்யாமல் விட்டது வருத்தமளிக்கிறது.

சுற்றுலாத் தலங்களின் வாழ்க்கைச் சுழற்சி, அதாவது அவை தோன்றி வளர்ந்து தேங்கும் கட்டங்கள், குறித்துப் புவியியலாளர் பட்லர் 1980-இல் வரைந்த வளைகோடும் அறிக்கையில் இருக்கிறது. நாங்கள் அதில் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. உள்ளூர் மக்கள் ஈடுபடத் தொடங்கும் கட்டத்தைத் தாண்டி வளர்ச்சிக் கட்டத்துக்குள் நுழையும்போது கட்டுப்பாடு வெளியாரின் கைக்கு மாறத் தொடங்குகிறது என்பது அந்த மாதிரியின் முக்கியமான எச்சரிக்கை. நிலத்தை விற்பதா, குத்தகைக்கு விடுவதா என்று குடும்பங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் பகுதிக்கு அதைவிட அவசரமான செய்தி வேறு இல்லை.

நிர்வாக அமைப்பைப் பற்றிய பரிந்துரையையும் நான் ஏற்கவில்லை. முன்மொழியப்பட்ட மேலாண்மைக் குழுவில் அதிகாரிகளே பெரும்பான்மையாக இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1991 முதல் நடந்துவரும் லீடர் என்ற ஊரக வளர்ச்சித் திட்டத்தில், 2014-ஆம் ஆண்டு தொடங்கிய நிதிக் காலத்துக்கான விதிகளின்படி, உள்ளூர்ச் செயற்குழுவின் முடிவுகளில் அரசுத் தரப்போ வேறு எந்த ஒரு தரப்போ 49 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வைத்திருக்க முடியாது. அத்தகைய வரம்பு ஒன்றை இங்கும் எழுதியிருக்கலாம். ஐநா சுற்றுலா அமைப்பு 2021-இல் தொடங்கிய சிறந்த சுற்றுலாக் கிராமங்கள் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்படி அறிக்கை ஊக்குவிக்கிறது. மக்கள்தொகை 15,000-ஐத் தாண்டாத ஊர்களுக்கான அந்தத் திட்டத்தின் ஒன்பது மதிப்பீட்டுத் துறைகளை நம்மை நாமே சோதித்துக்கொள்ளப் பயன்படுத்தலாம். பட்டம் கிடைப்பது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது.

வேலை குறித்த காலத்தில் முடிந்தது. கேட்ட விளக்கங்களுக்கு மரியாதையான பதில் வந்தது. ஆனால் முழு அறிக்கை எங்கள் மக்கள் படிக்கும் மொழியில் இல்லை. சுருக்கம் மட்டுமே மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. கிணற்றைப் பற்றி அத்தனை பொறுமையாகப் பதில் சொன்ன பெண், தன் வீட்டைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பிறர் படித்துச் சொல்லித்தான் அறிய வேண்டியிருந்தது. ஆய்வின் மூலத் தரவுகளும் எங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை. இவை இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்காதது எங்கள் தவறு.

இரண்டாம் கட்டப் பணிக்கும் இதே நிறுவனத்தை அழைக்கலாம் என்றே குழுவுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். தங்கும் இரவுகளும் ஊரில் நிற்கும் பணமும்தான் இலக்குகளாக இருக்க வேண்டும், மூலத் தரவு எங்கள் உடைமையாக இருக்க வேண்டும், முழு அறிக்கையும் எங்கள் மொழியில் வர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு, வீடு வீடாகச் சென்ற அதே களக் குழுவினரே வருவாய் அத்தியாயத்தையும் எழுத வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.